மானுக்குத் தெரிஞ்ச கிழங்கு

அமெரிக்காவுல மான் உலவுற ஊர்ல தோட்டம் போட்டா ஒரே அறிவுரைதான்: துலிப் வேண்டாம், டாஃபடில் நடுங்க. ரெண்டும் வெங்காயம் மாதிரி கிழங்கு. இலையுதிர் காலத்துல நட்டா வசந்தத்துல பூக்கும். ஆனா டாஃபடில்ல லைகோரின்னு ஒரு நச்சு இருக்கு. தின்னா வாந்தி வரும், மான் தொடாது. துலிப்ல அது இல்ல, மொட்டோட மேஞ்சிடும்.

இந்த வித்தியாசம் ஒரு காலத்துல மனுஷங்களுக்கும் உயிர்ப் பிரச்சினை. 1944 செப்டம்பர்ல நெதர்லாந்து ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. பதிலுக்கு ஜெர்மன் ராணுவம் மேற்குப் பகுதிக்கு உணவு போறதைத் தடுத்தது. அந்தக் குளிர்காலத்துல சுமார் 20,000 பேர் இறந்தாங்க. மக்கள் துலிப் கிழங்கோட நடுக்குருத்தை நீக்கிட்டு, வேகவச்சு சாப்பிட்டாங்க.

மானுக்குப் பிடிச்ச அதே கிழங்குதான் அன்னைக்குப் பல வீடுகள்ல ராத்திரிச் சாப்பாடு.