பழுது பார்த்த கூலி

தமிழ்ப் பேச்சுவழக்கில் 'ரிப்பேர்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி சுவையானது. ஆங்கிலேயர்க்கு அது கெட்டுப்போன ஒன்றைச் சரிசெய்யும் செயல். நம் மக்கள் நாவிலோ அது கெட்டுப்போன நிலையையே குறிக்கிறது. "கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகிவிட்டது" என்றால் ஓடவில்லை என்று பொருள். "ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றால் ஓடவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று பொருள். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர். எழுத்து வழக்கிலுள்ள 'பழுதுபார்த்தல்' இன்னும் நுட்பமானது. பழுது என்பதற்குக் குற்றம், சேதம், பயனின்மை, பொய் என்றெல்லாம் அகராதிகள் பொருள் தரும். அதனோடு ஒட்டி நிற்பது 'பார்த்தல்'. வைத்தியம் பார்த்தல், கணக்குப் பார்த்தல் என்பன போலச் செய்தலைக் குறிப்பதுதான் அது என்று இலக்கண ஆசிரியர் சொல்லிவிடுவார். ஆயினும் கணினிக்குப் பழுதுபார்க்கக் கூலி கொடுத்த நம் நாட்டவரின் அறுபதாண்டு அனுபவத்தைத் தொகுத்து நோக்கினால், பூசல்களில் பெரும்பாலானவை அந்தப் பார்த்தலில்தான் தொடங்கியிருக்கின்றன எனலாம். பழுதைப் பார்த்தவர் யார்? பணம் கொடுத்தவரால் அதைப் பார்க்க முடிந்ததா?

இக்கேள்வி நமக்கு எழுந்த இடம் தண்டலம். பூந்தமல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். தமிழ்நாட்டில் இப்பெயருள்ள ஊர்கள் பல உண்டு. தண்டலை என்றால் சோலை. தண்டல் என்றால் வரி வசூலித்தல். (விடுதி மாணவர்களைக் கேட்டால் இரண்டாம் பொருளுக்கே வாக்களிப்பர்.) இவ்வூரை அடுத்து 1997இல் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரியும் 2001இல் சவீதா பொறியியல் கல்லூரியும் தோன்றின. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாயின. திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியா செல்பேசி ஆலையும் 2007இல் டெல் கணினி ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. நோக்கியா 2014இல் கதவடைத்தது. நாம் இவ்வட்டாரக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்க வந்த 2000களின் நடுப்பகுதியில் ஒரு விந்தையைக் கண்டோம். கணினி பிறக்கும் நிலம் இது. ஆனால் மாணவரின் கணினி நின்றுபோனால், சி.பி.யு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். செய்யும் ஊர் வேறு, செப்பனிடும் ஊர் வேறு. இந்தப் பிரிவு எப்போது நேர்ந்தது என்று தேடினால் கதை பம்பாய்க்கும் தில்லிக்கும் இழுத்துச் செல்கிறது.

1961இல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனம் ஐ.பி.எம். 1401 என்ற கணினியை நிறுவியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ரயில்வே முதலான பெரும் நிறுவனங்களில் அதே 1401 இடம்பெற்றது. 1964இல் அமெரிக்காவில் அதற்கு அடுத்த தலைமுறை இயந்திரம் அறிவிக்கப்பட்டபின், அங்கிருந்து திரும்பிய பழைய 1401கள் புதுக்கப்பட்டு இங்கே வாடகைக்கு விடப்பட்டன. வாடகை என்பதே இங்கு முக்கியம். இயந்திரம் வாடிக்கையாளருடையது அன்று. எனவே பழுதும் அவருடையது அன்று. கழுத்துப்பட்டி அணிந்து, கருவிப்பெட்டியோடு வந்து சரிசெய்தவருக்கு 'கஸ்டமர் எஞ்சினியர்' என்று பெயர். ஐ.பி.எம். வைத்த அப்பெயர் இன்றும் நம்மூர்க் கணினி நிறுவனங்களில் வழங்குகிறது. தனிக்கூலி இல்லை, மூடியைத் திறக்கும் உரிமையும் இல்லை. வீட்டு உரிமையாளரே கொத்தனாராகவும் இருப்பது போன்ற ஏற்பாடு. வசதியானதுதான், வாடகை எவ்வளவு என்று கேட்காதவரை. அதைத்தான் 1970களின் நடுவில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு கேட்டது.

அமெரிக்காவிலேயே இவ்வேற்பாட்டுக்கு முன்னதாகக் கடிவாளம் இடப்பட்டிருந்தது. 1956இல் அந்நாட்டு அரசுக்கும் ஐ.பி.எம்.முக்கும் இடையே நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நிறுவனம் இயந்திரங்களை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் வேண்டும்; வாங்கியவருக்கும் வெளியாள் பழுதுபார்ப்பவருக்கும் உதிரிபாகங்களையும் கையேடுகளையும் கொடுக்க வேண்டும். பழுதைப் பார்க்கும் உரிமை தயாரித்தவருக்கு மட்டும் உரியதன்று என்று சட்டம் சொன்ன மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. நம் நாட்டில் அதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தோம். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அந்நிய நிறுவனங்களின் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்கச் சொல்ல, ஐ.பி.எம். மறுத்து 1978இல் வெளியேறியது. அப்போது நாடெங்கும் நின்றிருந்த இயந்திரங்களின் கதி என்ன? 1975 இறுதியிலேயே நடுவண் அரசு தொடங்கியிருந்த 'கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்', சுருக்கமாக சி.எம்.சி., 800க்கும் மேற்பட்ட இடங்களில் அவற்றின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய பொறியாளர் பலர் அங்கே சேர்ந்தனர். தயாரித்தவன் கப்பலேறிய பிறகும் இயந்திரங்கள் ஓடின. அறிவு நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் இல்லை, அந்த மனிதர்களின் விரல்களில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதில் நம்மை உறுத்தும் சிறு செய்தி ஒன்று உண்டு. 1984இல் அந்நிறுவனம் தன் பெயரை வெறும் 'சி.எம்.சி. லிமிடெட்' என்று மாற்றிக்கொண்டது. ரயில்வே முன்பதிவு போன்ற பெரும் மென்பொருள் பணிகளில் அது இறங்கிய காலம். பராமரிப்பு என்ற சொல் நெற்றியில் இருப்பது அவ்வளவு மதிப்பாகப் படவில்லை போலும். பழுதுபார்ப்பவனுக்குப் பொறியாளருக்கு ஒரு படி கீழே இருக்கை போடும் நம் பழைய வழக்கம் இதிலும் எட்டிப்பார்க்கிறது. பின்னர் 2001இல் டாடா குழுமத்தின் கைக்குப் போய், 2015இல் டி.சி.எஸ்.ஸோடு கலந்து அப்பெயரும் மறைந்தது.

1984ஆம் ஆண்டின் புதிய கணினிக் கொள்கைக்குப் பின் சிறு கணினிகள் கல்லூரிகளுக்கும் வந்தன; கூடவே 'ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்' வந்தது. அதில் இரண்டு வகை. உதிரிபாகமும் சேர்ந்தது ஒன்று. உழைப்பு மட்டும் மற்றொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இளைஞர் வந்து ஊதுகருவியால் தூசியை ஊதிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் செல்வார். உண்மையான பழுது வரும்போது அந்த உறுப்பு ஒப்பந்தத்தில் இல்லை என்று தெரியவரும். நம் துறையின் அச்சுப்பொறி ஒருமுறை தேர்வுக் காலத்தில் நின்றது. அச்சுத்தலை 'தேயும் பொருள்' என்ற பட்டியலில் சேரும் என்று ஒப்பந்தக்காரர் விளக்கினார். தேயாத பொருள் எது என்று துறைத்தலைவர் கேட்டார். பதில் இல்லை.

சட்டத்தின் துணை இல்லையா எனலாம். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி கொடுத்துப் பெறும் பணியில் குறைபாடு இருந்தால் மாவட்ட மன்றத்தில் முறையிடலாம். ஆனால் நுகர்வோர் யார் என்பதில் ஒரு முடிச்சு இருந்தது. அதை அவிழ்த்த வழக்கு நம் கோயம்புத்தூர் இயந்திரம் ஒன்றைப் பற்றியது. லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம், பி.எஸ்.ஜி. தொழில்நிறுவனத்திடம் கணினியால் இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரம் வாங்கி, அது குறைபாடுடையது, காலம் தாழ்த்தித் தரப்பட்டது என்று முறையிட்டது. 1995இல் உச்சநீதிமன்றம், வணிக நோக்கில் வாங்கியவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகார், உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்றது. ஒரகடம் வரை இன்று வரிசையாய் நிற்கும் சிறு பட்டறைகளுக்கும் இது பொருந்தும். அத்தீர்ப்பு தரும் எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. தட்டச்சுப்பொறி வாங்கித் தானே பிறர்க்குத் தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோரே. வணிகம் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. தட்டச்சுப்பொறி இருந்த இடத்தில் கணினியை வைத்தால், சிற்றிதழ்களுக்கு வடிவமைத்துக் கொடுத்த ஒற்றை அறை டி.டி.பி. நிலையத்தார் அத்தனை பேரும் இதற்குள் வருவர். 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கூலி கொடுத்துப் பெறும் பணிகளுக்கும் இதே விதியையும் விலக்கையும் சேர்த்தது. அவர்களில் எத்தனை பேர் மன்றப் படியேறியிருப்பர்? இதழ் நாளை அச்சுக்குப் போக வேண்டும். ரிச்சி தெருவுக்கு ஓடுவதே அவர்கள் அறிந்த தீர்ப்பு.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் அந்தத் தெருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை, திரைப்பட விநியோக அலுவலகங்களால் பெயர்பெற்ற மீரான் சாகிப் தெரு ஆகியன சூழ்ந்த சிறு வட்டாரம் அது. வானொலி உதிரிபாகங்களில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு மாறி, 1990களில் கணினிக்கு வந்தது. பட்டயப்படிப்புக் கூட இல்லாத பலர் அங்கே கைப்பழக்கத்தால் வல்லுநர் ஆயினர். பழுது அங்கே வாடிக்கையாளரின் கண்முன் பார்க்கப்பட்டது. மூடியைக் கழற்றுவார், ரேமை உருவி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப்பிள்ளையின் அழிரப்பரால் தேய்த்து மீண்டும் செருகுவார், திரை ஒளிரும். "ரப்பரால் தேய்த்ததற்கு 300 ரூபாயா?" என்ற சண்டை உடனே தொடங்கும். எங்கே தேய்க்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் அங்கே போயிருக்க மாட்டோம் என்ற நியாயம் அந்நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அது சண்டைபோடத் தகுந்த சண்டை; இரு தரப்பும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு போட்ட சண்டை.

ஐயங்களும் இருந்தன. பெட்டியை விட்டுவிட்டு மாலையில் வா என்றால் நல்ல உறுப்பை எடுத்துவிட்டு மட்டமானதை மாட்டிவிடுவர் என்ற அச்சம் பரவலாக இருந்தது. ஆகவே உறுப்புகளின் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வோரும், உள்ளே மையால் கையெழுத்திடுவோரும் உண்டு. மறுபுறம், தயாரித்தவரின் பிழையையும் கடைக்காரர் சுமந்தார். 2000களின் முற்பகுதியில் உலகெங்கும் தாய்ப்பலகைகளில் கெபாசிட்டர்கள் ஊதி வெடித்தன. தரமற்ற மின்பகு திரவமே காரணம். டெல் நிறுவனம் 2005இல் இத்தகைய பலகைகளை மாற்றுவதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. நம்மூரிலோ, மாற்றிய பலகையும் ஊதியபோது வசவு வாங்கியவர் பற்றவைத்த இளைஞர். 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் மின்வழங்கிகள் கருகியதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இக்காலம் வேறொரு துயரையும் தந்தது. அன்று எந்த நோய்க்கும் ஒரே மருந்து 'ஃபார்மட்'. வைரஸ் வந்தாலும், வேகம் குறைந்தாலும், வன்தட்டை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவர். 'டி' பகிர்வில் உள்ளவை பிழைக்கும். 'சி' பகிர்வில் உள்ளவை போகும். முகப்புத்திரையில் வைத்திருந்த கட்டுரைகள் எல்லாம் 'சி'யில்தான் இருந்தன என்பது கணினி திரும்பி வந்த பிறகே பலருக்குத் தெரியும். கோப்புகள் பிழைத்தாலும் எழுத்துருக்கள் பிழைப்பதில்லை. அவையும் 'சி'யின் குடிகளே. ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளின் இருக்கைகளில் அமர்ந்திருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு டாம், டாப் என்ற தரங்களை வகுத்தும், டிஸ்கி, பாமினி, வானவில் எனக் குடும்பங்கள் தனித்தனியே வாழ்ந்தன. எழுத்துரு இல்லையேல் ஓர் ஆய்வேடு முழுவதும் புள்ளி முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவும் கேள்விக்குறிகளாகவும் திரையில் கிடக்கும். பழுதுபார்த்தவர் பார்வையில் கணினி சரியாகிவிட்டது. விண்டோஸ் திறக்கிறது, பாட்டுக் கேட்கிறது. ஆய்வாளர் பார்வையில் மூன்றாண்டு உழைப்பு ஊமையாகிவிட்டது. எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று நினைவில்லாமல் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்த முனைவர் பட்ட மாணவர்களை நாம் அறிவோம். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபின் இத்துயர் மெல்லத் தணிந்தது. அந்தக் கூலிக்குச் சரிசெய்யப்பட்டது இயந்திரமா, எழுத்தா என்ற வினாவை எந்த ரசீதும் எழுப்பியதில்லை.

மடிக்கணினி பெருகியதும் கண்முன் பார்த்தல் மெல்ல முடிவுக்கு வந்தது. பல மாதிரிகளில் ரேம் தாய்ப்பலகையோடே பற்றவைக்கப்பட்டு வருகிறது. அழிரப்பருக்கு வேலை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் கண்ணாடித் தடுப்புக்கு இப்புறம் நாம், அப்புறம் கணினி. பழுது இன்னதென்று சொல்வதற்கே தனிக்கட்டணம் கேட்கும் மையங்கள் உள்ளன. உறுப்பைச் சரிசெய்வதைவிட முழுப்பலகையையும் மாற்றுவதே வழக்கமாகிவிட்டது. பார்க்க முடியாமையைப் பயன்படுத்தி முழுமோசடியே நடத்தியவர்களும் உண்டு. 2012இல் அமெரிக்க வணிக ஆணையம் தடுத்து நிறுத்திய ஆறு மோசடிகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து தொலைபேசி வழியே இயக்கப்பட்டவை. விண்டோஸ் வழக்கமாகப் பதிந்துவைக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளை அங்குள்ளோர்க்குத் திறந்துகாட்டி, இதோ பழுது என்று பணம் பறித்தனர். பழுது என்பதற்குப் பொய் என்றும் பொருள் உண்டு என முன்னே குறித்தோம்.

பிரான்சு 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களின் விலைச்சீட்டிலேயே, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண்ணாக அச்சிட வைத்தது. நம் நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24இல் கையேடுகளையும் உதிரிபாக விவரங்களையும் திரட்டித் தரும் இணையவாயிலைத் திறந்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் 1956இல் எழுதப்பட்ட இரண்டு வரி, 66 ஆண்டுகள் கழித்து இங்கே கட்டாயமற்ற வேண்டுகோளாக வந்து சேர்ந்திருக்கிறது. தண்டலம் விடுதி அறைகளில் இப்போது சிறு திருப்புளித் தொகுதிகளைக் காண முடிகிறது. மாணவர்கள் காணொளி பார்த்து மடிக்கணினியின் அடிமூடியைத் தாமே கழற்றுகிறார்கள். உத்தரவாதம் போய்விடும் என்று எச்சரித்தால், அது சென்ற ஆண்டே முடிந்துவிட்டது ஐயா என்கிறார்கள்.