முத்திரையும் மின்னட்டையும்

ஓலை மெய்யானதுதானா, அதைக் கொணர்ந்தவன் உரியவன்தானா என்னும் ஐயம் அரசாட்சியளவு பழமையுடையது. பழைய சித்தூர்ச் சீமையே இதற்குச் சிறந்த சான்றொன்றை அளித்துள்ளது. 1905ஆம் ஆண்டில் திருவாலங்காட்டில் வெளிப்பட்ட முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளையே கருதுகின்றோம். (அவ்வூர் அடங்கிய திருத்தணிப் பகுதி, 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960இல் சென்னை இராச்சியத்தை வந்தடைந்தது.) 31 ஏடுகள் ஒரே வளையத்தில் கோக்கப்பெற்று, வளையத்தின் மீது புலியும் இரு கயல்களும் வில்லும் பொறித்த முத்திரை பொருத்தப்பட்டுள்ளது. முத்திரையைச் சிதைக்காமல் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ இயலாது. படிக்க எவருக்கும் தடையில்லை, மாற்றத்தான் தடை.

மின்சில்லு பதித்த அட்டையின் அடிப்படையும் ஏறத்தாழ இதுவே. 1960களின் இறுதியில் ஜெர்மானியர் டெத்லோஃபும் குரோட்ரப்பும் இக்கருத்தைத் தோற்றுவித்தனர். 1974இல் பிரெஞ்சு நாட்டு ரோலண்ட் மொரேனோ தம் வழியில் காப்புரிமை பெற்றார். இன்றைய அட்டைகளில் வாயிற்பொறி ஓர் எண்ணை விடுக்க, அட்டை தன்னுள் மறைந்த சாவியால் அதனைக் கணித்து விடை பகரும். சாவியோ ஒருபொழுதும் வெளிவருவதில்லை.

திருமலை வேறு வழியில் சென்றது. 2000ஆம் ஆண்டையொட்டி அடியாரின் மணிக்கட்டில் கட்டப்பட்ட சுதர்சனப் பட்டையில் கோட்டுக்குறி மட்டுமே இருந்தது. விவரமெல்லாம் தேவஸ்தானத்துக் கணிப்பொறியில். பின்னர் ஆதார் எண் வந்தது. 2023 மார்ச்சு முதல் நாளன்று முகத்தை அறியும் கருவி சோதனைக்கு வந்தது. ஏட்டின் மீதிருந்த முத்திரை இவ்வாறு மனிதனின் மேனிமீதே ஏறிவிட்டது. இதுவே பெரும் மாறுதல் என்பது நம் எண்ணம். செப்பேட்டு முத்திரை தேயினும் பெயர் அழிவதில்லை. கல்லும் சுண்ணாம்பும் சுமப்பவரின் விரல்ரேகை தேய்ந்தால், அவரையே பொறி அறியாது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது ஏட்டுச் செய்தி அன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் சாந்திபுரம், குப்பம் வட்டாரத்தினின்று பெங்களூருக்குப் பிழைக்கச் செல்வோர்க்கும் அவ்வாறே. தமிழகம் 2017இல் வழங்கத் தொடங்கிய 'ஸ்மார்ட்' குடும்ப அட்டையில், பெயருக்கு மாறாக, சில்லு கிடையாது. சதுரக் குறியீடே உண்டு. 2020 அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டில் சேர்ந்தபின், மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளோர் பிற மாநிலக் கடையிலும் விரல் வைத்துத் தானியம் பெறலாம். நம் அரசு தரும் பருப்பும் பாமாயிலும் எல்லை கடப்பதில்லை.

விரல் பொருந்தவில்லை எனக் கடைக்காரர் கைவிரித்தால் செய்வதென்ன? ரேகை பொருந்தாமையால் மட்டும் உரியவர்க்குத் தானியம் மறுத்தலாகாது என 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கின்றது. கடைக்காரரிடம் இதனை எடுத்துரைக்கலாம். அதற்கும் அவர் இணங்காவிடில், மாவட்டக் குறைதீர்க்கும் அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிடலாம்.