பற்கம்பி மருத்துவம் மலேசியாவில் பயிற்றப்பட்ட வரலாறு

பல்லின் வனப்பைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். முத்துக்கோவை என்றும் முல்லையரும்பு என்றும் அவர்கள் உவமித்தவை யாவும் ஒழுங்குற அமைந்த பல்வரிசையையே குறித்தன. ஒழுங்கு தவறிய பல்லுக்கும் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. ஒன்றோடொன்று பின்னினாற்போல் மாறி முளைத்ததைத் தெற்றுப்பல் என்றனர். உதட்டைத் தள்ளிக்கொண்டு முன்னே நீண்டதை எத்துப்பல் என்றனர். குறைக்குப் பெயர் இருந்தது; அதனைத் திருத்துவதற்கென ஒரு தொழில் இருக்கவில்லை. தெற்றுப்பல்லோடு பிறந்தவர் தெற்றுப்பல்லோடே வாழ்ந்து முடிந்தனர். அதனை நற்பேற்றின் அடையாளம் என்று கூறி ஆற்றிக்கொண்ட பாட்டிமாரும் உண்டு.

இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் பள்ளிச் சீருடையணிந்த பிள்ளைகளின் வாயில் கம்பி மின்னுவதை யாரும் வியந்து நோக்குவதில்லை. "பிள்ளைக்குக் கம்பி போட்டிருக்கிறது" என்பது வீட்டுப் பேச்சாகிவிட்டது. அந்தக் கம்பியைப் பொருத்தும் கைகளைப் பயிற்றியவர் யார், எங்ஙனம் பயிற்றினர் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தியாகும்.

பல் நகர்வது எவ்வாறு என்பதை முதற்கண் அறிந்துகொள்ளுதல் நலம். பல்லானது தாடையெலும்பில் ஆணி அறைந்தாற்போல் நிற்பதன்று. அதன் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. பல்லை ஒரு பக்கமாக இடையறாது மெல்ல அழுத்தினால், அழுந்தும் பக்கத்து எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். விலகிய பக்கத்தில் புதிய எலும்பு வளரும். இவ்வாறு ஒரு திங்களுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவே பல் நகர்கிறது. அழுத்தம் மிகுந்தால் விரைவு மிகும் என்று எண்ணுவது பிழை. மிகுந்த அழுத்தத்தால் நார்ப்படலத்தில் குருதியோட்டம் நின்று நகர்ச்சி தடைப்படும். சிலபோது பல்லின் வேரே கரையும். கரைந்த வேர் மீண்டும் வளராது. ஆகவேதான் இம்மருத்துவம் ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு என நீள்கிறது. அதன் பிழைகளும் உடனே தோன்றாமல் பல திங்கள் கழித்தே வெளிப்படுகின்றன. இந்த ஒரு செய்தியை நினைவிற் கொண்டால், பின்னர் எழுந்த பூசல்கள் பலவும் எளிதில் விளங்கும்.

கோணற்பல்லைத் திருத்தும் முயற்சியைப் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். வளைந்த உலோகப் பட்டையொன்றை வாயினுள் வைத்து, நூலால் பற்களை அதனோடு கட்டுவது அவர் கையாண்ட முறை. எனினும் இதனைத் தனிக்கலையாக நிறுவியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் ஆவார். 1899இல் அவர் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் முறையை மூன்றாக வகுத்தார். உலகெங்கும் மாணவர் இன்றும் முதலிற் கற்பது அப்பாகுபாடே. 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இக்கலைக்கென்றே ஒரு பள்ளியையும் தொடங்கினார். பொதுப் பல்மருத்துவக் கல்லூரிகள் இதற்குப் போதிய இடம் தாரா என்பது அவர் துணிபு. 1920களில் அவர் அமைத்த கருவியில், ஒவ்வொரு பல்லின்மேலும் ஒரு சிறு பிடி ஒட்டியிருக்கும். பிடியின் நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் 22 பங்கு அகலமுள்ள பள்ளம். அப்பள்ளத்தில் நாற்பக்கக் கம்பி அமரும். இன்று கிள்ளானில் ஒரு பிள்ளையின் வாயில் மின்னுவது, வடிவு பல மாறியிருப்பினும், அந்தப் பிடியின் வழித்தோன்றலே.

மலாயாவில் பல்மருத்துவக் கல்வி சிங்கப்பூரில் தோன்றியது. ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1929இல் பல்மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. அதற்குமுன் பல் பிடுங்குவோரும் பல் கட்டுவோரும் பெரும்பாலும் ஆசானிடம் கைவேலையாகக் கற்றவர்களே. இவர்களுள் பலரைச் சட்டம் பின்னர் விலக்கிவிடாமல் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. 1971ஆம் ஆண்டுப் பல்மருத்துவச் சட்டத்தின் பதிவேட்டில் இரண்டாம் பிரிவு என ஒன்று இருந்ததற்கு இதுவே காரணம். பட்டமின்றித் தொழில் செய்வோரைக் கடியும் இன்றைய தலைமுறை, ஒருகாலத்தில் அவர்களே ஊருக்கு உதவியவர் என்பதை மறத்தலாகாது.

சிங்கப்பூர்ப் பிரிவின் தலைமையை ஏற்ற டிராட்மன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் குகைகளை அகழ்ந்து ஆராய்வதிலும் பேரார்வம் உடையவர். சீன, மலாய் இனத்தாரின் பற்களையும் இந்திய, ஐரோப்பிய இனத்தாரின் பற்களையும் ஒப்பிட்டு 1950இல் அவர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். முன்பற்களின் உட்புறம் மண்வெட்டிபோற் குழிந்திருப்பது முன்னவரிடம் மிகுதி என்பது போன்ற வேறுபாடுகளை அவ்வுரை தொகுத்துக் காட்டுகிறது. அது வெறும் மானிடவியல் ஆர்வம் என்று அன்று கருதப்பட்டிருக்கலாம். ஆயினும் அதன் பயன் பின்னர்த் தெரியவந்தது.

1949இல் அக்கல்லூரி மலாயாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அவ்வாண்டிலேயே பினாங்கில், நியூசிலாந்து நாட்டு முறையைத் தழுவி, பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காக்கும் தாதியரைப் பயிற்றும் பள்ளியும் எழுந்தது. அரசாங்கத்தின் கவலை அன்று சொத்தைப்பல்லைப் பற்றியதே, கோணற்பல்லைப் பற்றியதன்று. அதில் குறைகாண்பதற்கும் இடமில்லை. பல்வலியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வரிசை திருத்துவது இரண்டாவது வேலைதானே?

கோணற்பல் திருத்தம் பாடத்தில் இருந்தது உண்மை. ஆனால் அது பிரித்தானிய மரபைப் பின்பற்றியது. பிரித்தானியாவில் கழற்றி மாட்டும் தட்டுக்கே செல்வாக்கு. 1948இல் அங்கே தேசிய நலச்சேவை தோன்றியபின் மலிவும் எளிமையும் கருதி அம்முறை மேலும் பரவிற்று. 1950இல் ஆடம்ஸ் என்பார் விளக்கிய கொக்கி, தட்டைக் கடைவாய்ப்பல்லில் இறுகப் பிடித்துக்கொள்ள உதவியது. மாணவர் கொக்கி வளைக்கக் கற்றனர். நிலையான கம்பியைக் கட்டக் கற்றவர் மிகச் சிலர். தட்டினால் பல்லைச் சாய்க்கலாம். வேரோடு நேராக நகர்த்துதல் அரிது. அந்தக் கலையை விரும்பியவர் கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

கடல் கடந்த வழிகள் இரண்டு. ஒன்று இங்கிலாந்துக்குச் சென்று அறுவை மருத்துவர் கழகத்தின் பட்டயம் பெறுவது. மற்றொன்று ஆஸ்திரேலியா. அடிலேய்ட் நகரின் ரேமண்ட் பெக், 1920களில் கலிபோர்னியாவில் ஆங்கிளிடமே பயின்று திரும்பியவர். ஆசான் எந்தப் பல்லையும் பிடுங்கலாகாது என்ற கொள்கையினர். மாணவரோ, இடமில்லாத வாயில் பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்று ஆசானைவிட்டு விலகினார். வில்காக் என்னும் உலோக வல்லுநரோடு கூடி, மெல்லிய உருண்டைக் கம்பியால் சிறு விசையில் பல்லை நகர்த்தும் முறையை வகுத்து, 1950களில் வெளியிட்டார். கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆசிய மாணவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற காலமும் அதுவே. இந்தியக் கல்லூரிகளிலும் பெக் முறை நெடுங்காலம் வீற்றிருந்தது. மணிப்பாலிலும் பிற இந்திய நகரங்களிலும் பயின்று வந்த மலேசிய இளைஞர் பலர், அம்முறையைப் பற்றிய அறிவோடுதான் நாடு திரும்பினர். எனவே பிரிக்பீல்ட்சில் அடுத்தடுத்த கடைவரிசையில் தொழில் நடத்திய இருவரே வெவ்வேறு மரபில் வளர்ந்தவராக இருத்தல் கூடும். ஒருவர் லண்டன் தட்டைப் போற்றுவார். மற்றவர் அடிலேய்ட் கம்பியைப் போற்றுவார்.

கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972இல் பல்மருத்துவ மாணவர் முதன்முதலாகச் சேர்ந்தனர். பிரிக்பீல்ட்சுக்கு அண்மையிலுள்ள பந்தாய்ப் பகுதியிலேயே இக்கல்வி கிடைத்தது பெரும் மாற்றம். தேசியப் பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவத் துறை 1997இல் தோன்றியது; அதன்பின் அரசுத் துறையிலும் தனியார் துறையிலும் கல்லூரிகள் பெருகின. காலப்போக்கில் பட்டம் பெற்றபின் கம்பி மருத்துவத்தை மட்டுமே பல்லாண்டு பயிலும் மேற்படிப்பும் உள்நாட்டிலேயே அமைந்தது.

அம்மேற்படிப்பின் தொடக்கத்தில் மாணவர் நோயாளியைத் தொடுவதில்லை. உலோகச் சட்டமொன்றில் மெழுகாலான தாடை; அதில் செயற்கைப் பற்கள் வேண்டுமென்றே கோணலாக நடப்பட்டிருக்கும். மாணவர் அவற்றின்மேல் பிடிகளை ஒட்டிக் கம்பியை வளைத்துப் பொருத்தி, சட்டத்தை வெந்நீரில் அமிழ்த்துவார். மெழுகு இளகும், கம்பியின் விசை பற்களை இழுக்கும். திங்கள் பலவற்றில் நிகழ்வது நாழிகைக்குள் நிகழும். வளைவில் மயிரிழை பிழைத்தாலும் ஒரு பல் சாய்ந்து, பக்கத்துப் பல் எழும்பி, கடி திறந்து நிற்கும். மெழுகில் நிகழ்ந்த பிழையை மீண்டும் நட்டுத் திருத்தலாம். எலும்பில் நிகழ்ந்ததை அவ்வாறு திருத்த இயலாது. நோயாளியைத் தொடங்கிய பிறகோ, கம்பி போட்ட நாள்முதல் கழற்றும் நாள்வரை ஒருவரையேனும் முழுவதும் நடத்திப் பார்த்தாலன்றி மாணவருக்குத் தம் கணிப்பின் விளைவு தெரியாது. மேற்படிப்பு மூன்று, நான்கு ஆண்டு நீள்வது ஆசிரியரின் விருப்பத்தால் அன்று. எலும்பு வளரும் வேகத்தால்.

இதனிடையே கருவிகள் எளிமையாயின. முன்பு ஒவ்வொரு பல்லுக்கும் எஃகுப் பட்டையைச் சுற்றி, இறுக்கி, பற்றவைத்துப் பொருத்த வேண்டும். பொறுமையற்றவர் இத்தொழிலுக்கு வரவே அஞ்சினர். 1955இல் அமெரிக்காவின் புவனகோர், பல்லின் மேற்பூச்சை அமிலத்தால் சுரசுரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாகப் பற்றும் என்று கண்டறிந்தார். 1970களில் பட்டைகள் பெரும்பாலும் மறைந்து, பிடியை நேரே பல்லில் ஒட்டும் முறை பரவியது. பல்லின் சாய்வும் திருகலும் பிடிக்குள்ளேயே அமையுமாறு ஆண்ட்ரூஸ் என்பார் புதுப்பிடியை ஆக்கினார். வளைத்தாலும் பழைய வடிவுக்கே மீளும் நிக்கல்-டைட்டானியக் கம்பியும் அக்காலத்தில் வந்தது. கம்பி வளைக்கும் கைத்திறன் இவ்வாறு பெரும்பாலும் தொழிற்சாலைக்குப் போயிற்று.

உண்மையில் சிக்கல் இங்கேதான் முளைத்தது. பட்டை கட்டும் கடுமை இதுவரை வாயிற்காவலன்போல் நின்றது. காவலன் நீங்கவே, பொருத்துதல் சில நாட் பயிற்சியில் எவர்க்கும் கைவந்தது. ஆனால் எப்பல்லைப் பிடுங்குவது, பிடுங்காமலே விடுவது, வளரும் தாடைக்குக் காத்திருப்பதா அன்றா என்னும் கணிப்பு எள்ளளவும் எளிதாகவில்லை. ஆண்ட்ரூசின் பிடி, இயல்பாகவே ஒழுங்குற்ற 120 அமெரிக்கப் பல்வரிசைகளை அளந்து வகுக்கப்பட்டது. முகவெலும்பின் அளவுக்கு மாணவர் பயன்படுத்திய அட்டவணைகளும் அமெரிக்காவிலிருந்தே வந்தவை. கோலாலம்பூர் மருத்துவமனையில் ஒரே காலையில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் மூவர் வந்தமர்ந்தால், மூவரையும் ஓர் அயல்நாட்டு அளவுக்கு இழுத்து நிறுத்துவது முறையாகுமா? ஆய்வாளர் மூவினத்தார்க்கும் தனித்தனி அளவுகள் எடுக்கலாயினர். டிராட்மன் தொட்டுவைத்த வினா இவ்வாறு வகுப்பறைக்குள் மீண்டு வந்தது.

வல்லுநர் தொகை குறைவு. அரசு மருத்துவமனைகளில் காத்திருப்போர் வரிசை நீளம். தனியாரிடம் செலவு ஆயிரக்கணக்கான ரிங்கிட். இவ்விடைவெளியில் பொதுப் பல்மருத்துவர்க்கான குறுகியகாலப் பயிற்சிகள் தோன்றின. எல்லாக் கோணலுக்கும் வல்லுநர் வேண்டும் என்பது ஒரு கட்சி. எளிய கோணலைப் பொதுமருத்துவரே திருத்தினால்தான் ஏழைக்கும் எட்டும் என்பது மறுகட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் சில நாட் பயிற்சியில் ஒருவர் தம் பிழையைத் தாமே காண இயலாது என்ற வாதத்திற்கு இதுவரை தக்க மறுமொழி எழவில்லை.

இடைவெளியின் கடைக்கோடியில் நின்றது பொய்க்கம்பி. பட்டமும் பதிவும் இல்லாதோர் விடுதியறைகளிலும் ஒப்பனைக் கடைகளிலும் கம்பி ஒட்டத் தொடங்கினர். 2017இல் மலாக்காவில், காணொளி பார்த்துக் கற்றதாகக் கூறிய ஓர் இளம்பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் தண்டம் விதித்தது. இரங்கிய பொதுமக்கள் பணம் திரட்டிக் கட்டவே, ஆறு நாளில் அவர் சிறையினின்று வெளிவந்தார். அந்த இரக்கத்தில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது: மக்கள் கம்பியைக் காதணிபோல் ஓர் அணியாகக் கருதினரேயன்றி எலும்பைக் கரைக்கும் மருத்துவமாகக் கருதவில்லை.

2018ஆம் ஆண்டுப் பல்மருத்துவச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, வல்லுநர்க்கெனத் தனிப் பதிவேடு ஏற்பட்டது. பொதுமருத்துவர் எளிய கோணலைத் திருத்துவது வழக்கில் தொடர்கிறது. எளியது எது, கடியது எது என்பதை அறிய, 1989இல் இங்கிலாந்தில் புரூக், ஷா என்னும் இருவர் வகுத்த ஐந்துபடி அளவுகோல் கைக்கொள்ளப்படுகிறது. அதன்படி மேல்முன்பல் கீழ்ப்பல்லைவிட 6 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே நீண்டிருந்தால் நான்காம் படி. 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐந்தாம் படி. அரசு மருத்துவமனைகளில் வல்லுநரின் வரிசையில் முதலிடம் பெறுவோர் இவ்விரு படியினரே. பாட்டிமார் எத்துப்பல் என்ற ஒரே சொல்லால் குறித்ததை, கோலாலம்பூர் மாணவர் இன்று சிறு அளவுகோலை வாயில் வைத்து மில்லிமீட்டரில் படித்துக் குறித்துக்கொள்கின்றனர்.