பதிவேட்டில் எழுதப்படாத அறிகுறி

1893-ஆம் ஆண்டு இலண்டன் நாடாளுமன்றத்தில், இந்தியாவில் கஞ்சா மக்களைச் சீரழிக்கிறதா என விசாரிக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. அதன் விளைவாக, இந்தியர் மூவர் உட்பட எழுவர் கொண்ட ஆணையம் அமைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894-இல் அது தன் அறிக்கையை முடித்தது.

அந்நாளில் மனநோய் இல்லங்களின் பதிவேடுகளே கஞ்சாவுக்கு எதிரான பெருஞ்சான்றாகக் கருதப்பட்டன. நோயாளிகள் பலருடைய பெயருக்கு நேரே 'காரணம்: கஞ்சா' என்று எழுதப்பட்டிருந்தது. ஆணையம் 1892-ஆம் ஆண்டின் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அவற்றுள் பல தக்க விசாரணையின்றி எழுதப்பட்டவை எனத் தெரிந்தது. அளவான பழக்கத்தால் பெருந்தீங்கு இல்லை, மிகுதியே கேடு என்று ஆணையம் முடிவு கூறியது.

பொய்ச்சான்றை விலக்கியது நேர்மையே. எனினும் ஒரு பிழை மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. பித்துப் பிடித்தால்தான் கஞ்சா கெடுத்தது என்போம். பிடிக்காவிடில் கவலையில்லை என்றிருப்போம். விட விரும்பியும் விட இயலாதவனின் துயரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அதனை அறிவியல் மெல்லவே கண்டது. 1964-இல் மெக்கூலம், கவோனி என்னும் இஸ்ரேலிய அறிஞர்கள் கஞ்சாவில் மயக்கந்தரும் பொருளைத் தனியே பிரித்தனர். அதைப் போன்றே செயற்படும் பொருளொன்று மூளையிலேயே சுரப்பது 1992-இல் தெரிந்தது. நம் 'ஆனந்தம்' என்னும் சொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். நாள்தோறும் புகைப்பவரின் மூளை வெளியிலிருந்து வரும் பொருளுக்குப் பழகிப்போகிறது. அதனால் நிறுத்தியவுடன் எரிச்சலும் உறக்கமின்மையும் பசியின்மையும் வாட்டுகின்றன. இந்த விலகல் துன்பத்தை அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் கையேடு 2013-இல்தான் ஏற்றுக்கொண்டது.

இளமையிலேயே மிகுதியாகப் புகைப்போர்க்கு மனச்சிதைவு நேரும் அபாயம் கூடுகிறது என்பதும் இன்று தெளிவு. ஆயினும் வீட்டில் முதலில் தென்படுவது பித்தன்று. எண்ணியதைவிட மிகுதியாகப் புகைத்தல். நிறுத்த முயன்று மீண்டும் மீண்டும் தோற்றல். படிப்பும் வேலையும் உறவும் நலிவது கண்டும் விடாமை. பழைய அளவு போதாமை. இவற்றுள் இரண்டேனும் ஓராண்டுக்குள் தோன்றினால் மருத்துவரை நாட வேண்டும். விலகல் துன்பம் முதல் வாரத்தில் உச்சம் அடைந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணியும். இதற்கென ஏற்பளிக்கப்பட்ட தனி மருந்து இல்லை. ஆற்றுப்படுத்தும் உரையாடலே முதன்மைச் சிகிச்சை.

பலரைத் தடுப்பது வழக்கு வருமோ என்னும் அச்சம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64அ என்னும் பிரிவு உண்டு. சிறு அளவு தொடர்பான குற்றச்சாட்டுக்கு ஆளான அடிமைப்பட்டவர், தாமே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்குத் தொடரப்படாது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

விசாரியாமல் காரணம் எழுதிய அந்த எழுத்தர்களைப் போல நாமும் ஓர் இளைஞனின் பெயருக்கு நேரே 'கஞ்சாக்காரன்' என்று எழுதி ஏட்டை மூடிவிடலாகாது. எத்தனை நாளாக விட முயல்கிறாய் என்று அருகமர்ந்து கேட்போம். நூறாண்டுகள் எவரும் கேளாத கேள்வி அது. மருத்துவமனைக்குச் செல்லும் வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது.