கறையானும் டேராடூன் மருந்தும்

சித்தூர், திருப்பதி மலைச்சாரல்களில் வளரும் செம்மரத்தின் வைரத்தைக் கறையான் எளிதில் அரிப்பதில்லை. தேக்கின் வைரமும் அத்தகையதே. மரத்தினுள் இயற்கையாகவே ஊறியிருக்கும் சத்துக்கள் அதற்குக் காப்பாகின்றன. ஆனால், எல்லா வீடுகளுக்கும் எல்லாத் தந்திக் கம்பங்களுக்கும் செம்மரமும் தேக்கும் கிடைக்குமா? ஆகவே மலிவான மரத்துக்கு அவ்வலிமையை மனிதனே ஊட்ட வேண்டியதாயிற்று.

1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தேல் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தின் மூலம் மரத்துக்குள் செலுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். ரயில் தண்டவாளத்தின் அடியில் இடும் கட்டைகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது. எனினும் அதன் கருநிறமும் நெடியும் குடியிருக்கும் வீட்டுக்கு ஒவ்வாதவை. நீரில் கரையும் தாமிர உப்புக்கும் பாஷாணத்துக்கும் அந்த நெடி இல்லை. ஆனால் அவை மழையில் கரைந்து வெளியேறிவிடும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் சொண்டி காமேசம் என்னும் ஆந்திர விஞ்ஞானி. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், 1933-இல் தாமிர உப்பும் பாஷாணமும் கலந்த நீரில் குரோமிய உப்பையும் சேர்த்தார். தாமிரம் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்தைத் தடுக்கும். பாஷாணம் கறையானைக் கொல்லும். குரோமியம் இவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்து நிறுத்தும். ஆர்சனிக் என்னும் பாஷாணம், தாமிரம் ஆகியவற்றின் ரசாயனக் குறிகளைக் கொண்டு அம்மருந்துக்கு 'ஆஸ்கு' என்று பெயர் வழங்கிற்று. 1938-இல் அமெரிக்காவும் இதற்கு உரிமைப் பத்திரம் அளித்தது. பின்னர் பல நாடுகளில் மின் கம்பங்களுக்கும் வேலிக் கால்களுக்கும் வீட்டு மரங்களுக்கும் இம்மருந்தே ஊட்டப்பட்டது. பாரத நாட்டு ஆராய்ச்சிக் கூடமொன்றில் பிறந்தது அது என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஆயினும் பாஷாணம் பாஷாணமே. அப்பிணைப்பையும் மீறி அதில் சிறிதளவு மண்ணில் இறங்குவது பிற்காலத்தில் தெரிய வந்தது. சிறுவர் கைபடும் இடங்களைப் பற்றிக் கவலை எழவே, 2003-ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் வீட்டு உபயோக மரங்களுக்கு அதனை ஊட்டுவதைப் பெரும்பாலும் கைவிட்டனர். ஐரோப்பிய நாடுகளும் 2004 முதல் கட்டுப்பாடு விதித்தன.

காமேசத்தின் சாதனையை இதனால் குறைவாக மதிப்பிட வேண்டுவதில்லை. ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டுப்படாமல் நின்றதற்கு அவர் கண்ட மருந்தும் ஒரு காரணம். நாம் குடியேறி வாழும் ஊர்களில் பழைய கம்பமோ வேலிக் காலோ மலிவாகக் கிடைக்கலாம். மருந்து ஏற்றிய மரம் எனத் தெரிந்தால் அதனை அடுப்பெரிக்க வேண்டாம். அதன் புகை நஞ்சு. சாம்பலிலும் பாஷாணம் தங்கியிருக்கும்.