ரபாபும் வில்லும்

நரம்புக் கருவிகளில் இரு வகைகள் முக்கியமானவை. விரலாலோ மீட்டுகோலாலோ மீட்டப்படுபவை ஒரு வகை. வில்லால் உரசி இசைக்கப்படுபவை மற்றொரு வகை. அரபியரின் 'ஊத்' முதல் வகையைச் சேர்ந்தது. 'ரபாப்' இரண்டாம் வகையின் மூதாதையாகக் கருதப்படுகிறது. நரம்புக் கருவிகள் குறித்த ஃபிக்ஹு விவாதம் தனியே ஆராயத்தக்கது; இங்கு நாம் நோக்குவது வரலாற்றை மட்டுமே.

பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது. ஆப்கானியரின் ரபாப் இன்றும் மீட்டப்படுகிறதேயன்றி உரசப்படுவதில்லை. ஆகவே, பழைய நூலொன்றில் ரபாப் என்னும் சொல் காணப்படுவதாலேயே அங்கு வில்லும் இருந்தது என்றாகிவிடாது.

தெளிவான சான்று தருபவர் அல்ஃபாராபி (இறப்பு ஹிஜ்ரி 339 / கி.பி. 950). நரம்புகளின் மீது வேறு நரம்புகளையோ நரம்பை ஒத்தவற்றையோ இழுத்து ஒலி எழுப்பும் கருவிகளைத் தமது 'கிதாபுல் மூஸீகா அல்கபீர்' நூலில் அவர் குறிப்பிடுகிறார். அவர் பிறந்த ஃபாராப், சிர் தர்யா நதிக்கரையில், இன்றைய கஸாக்ஸ்தானில் உள்ளது. வில் மத்திய ஆசியாவில் தோன்றியிருக்க வேண்டும் என்று 1964இல் வெர்னர் பாக்மன் வெளியிட்ட ஆய்வு நிறுவ முற்பட்டது. குதிரை வளர்ப்போரின் நிலத்தில் குதிரைமயிர் வில் பிறந்ததில் வியப்பில்லை.

புதிதாகச் செய்த கருவி உடனே நல்லொலி தருவதில்லை. பிசின் தடவாத புது மயிர் நரம்பின் மீது வழுக்கிச் செல்லும், ஓசை எழாது. பிசின் பூசியதும் மயிர் நரம்பைப் பற்றி இழுத்து, விடுவித்து, மீண்டும் பற்றுகிறது. இந்த இடையறாத பற்றலும் விடுதலுமே ஒலியாகின்றன. அப்பிசினுக்கு அரபியில் 'கலஃபூனிய்யா' என்று பெயர். சின்ன ஆசியாவின் கொலொஃபோன் என்னும் பழம்பெரும் நகரின் பெயரிலிருந்து வந்த சொல் அது.

அடுத்தது தோல். புதிதாக இழுத்துக் கட்டிய தோல் நாளடைவில் தளரும். ஈரக் காற்றிலும் தளரும். அப்போது அனல் காட்டி அதனை முறுக்கேற்றுவர். நரம்பைத் தாங்கும் குதிரையைத் தோலின் நடுப்பக்கம் நகர்த்தினால் ஒலி கனக்கும். விளிம்புப் பக்கம் நகர்த்தினால் கூர்மையாகும். பொறுமையாகச் சோதித்தே பொருத்தமான இடத்தைக் கண்டடைய வேண்டும்.

1836இல் வெளிவந்த தமது நூலில் எட்வர்ட் லேன், எகிப்தியரின் 'கமன்ஜா'வை நுணுக்கமாக வருணித்துள்ளார். கால் பங்கு வெட்டி நீக்கப்பட்ட தேங்காய்ச் சிரட்டை, அதன் மீது நைல் மீனின் தோல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 குதிரைமயிர்களால் ஆன இரு நரம்புகள். தேங்காய்க்கு அரபியர் இட்ட பெயர் 'ஜவ்ஸுல் ஹிந்த்', அதாவது இந்தியக் கொட்டை. நைல் நதிக்கரையின் இசைக்கு உடல் தந்த சிரட்டை, தன் பெயரிலேயே நம் நாட்டைச் சுமந்து நிற்கிறது. மேல் எகிப்தின் கவிஞர்கள் பனூ ஹிலால் காவியத்தை இத்தகைய ரபாபின் துணையோடுதான் பாடி வந்துள்ளனர். அக்காவியத்தை யுனெஸ்கோ 2008இல் தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வயலினை அரபியரே கண்டுபிடித்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. சான்றுகள் அவ்வளவு தூரம் செல்ல இடம் தரவில்லை. ரபாபின் பெயர் ஐரோப்பாவில் 'ரெபெக்' ஆயிற்று. வயலினோ 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருவானது. இவ்விரண்டிற்கும் இடையே பல கைகள் உழைத்துள்ளன. மத்திய ஆசியாவின் வில்லைப் பெற்று, நூலில் பதிந்து, பிற நாடுகளுக்குக் கொண்டு சேர்த்ததில் முஸ்லிம் உலகின் பங்கு மிகப் பெரிது. உள்ளதை உள்ளபடி கூறினாலே அப்பெருமைக்குப் போதும். மிகைக் கூற்றோ ஒரு நாள் மறுக்கப்படும்போது உண்மைப் பங்கையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும்.