பால்மரக் காட்டிலிருந்து வழக்காடு மன்றம் வரை

ஈப்போ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நகர மண்டபமும் உயர் நீதிமன்றமும் வெள்ளைக் கட்டடங்களாகக் கண்ணில் படும். பேராக் மாநிலத் தோட்டப் பாட்டாளிகளுக்கு இந்த நீதிமன்றம் புதிய இடமல்ல. சம்பளப் பாக்கி, விபத்து இழப்பீடு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை என்று ஏதாவது ஒரு காரணத்திற்காக அதன் படியேறியவர்கள் ஏராளம். ஆனால் நெடுங்காலம் அவர்கள் கட்சிக்காரர்களாக மட்டுமே அங்கே போனார்கள். கறுப்பு அங்கி அணிந்து அவர்களுக்காகப் பேசியவர்கள் வேறு வர்க்கத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளையே அந்த அங்கியை அணிவதற்கு ஏன் இத்தனை காலம் ஆனது? இன்று சட்டம் படிக்க விரும்பும் பிள்ளையின் பெற்றோர் அந்த வரலாற்றிலிருந்து எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

லண்டனுக்குப் போன தலைமுறை

மலாயாவில் 1957 வரை சட்டக் கல்லூரியே கிடையாது. வழக்கறிஞராக வேண்டுமானால் கப்பலேறி லண்டனுக்குப் போக வேண்டும். அங்குள்ள நான்கு வழக்கறிஞர் மன்றங்களில் ஒன்றில் சேர்ந்து தேர்வு எழுத வேண்டும். தேர்வு மட்டும் போதாது. தவணைதோறும் மன்றத்தின் கூடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்து உண்டிருக்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமில்லை. ஆனாலும் கப்பல் கட்டணம், தங்கும் செலவு, சில ஆண்டு வருமானமின்மை ஆகியவற்றைத் தாங்கும் குடும்பம்தான் பிள்ளையை அனுப்ப முடிந்தது. அரசாங்க உத்தியோகத்தர், வணிகர், மருத்துவர் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். நாள் கூலிக்குப் பால்மரம் சீவியவரின் பிள்ளைக்கு அது எட்டாக் கனி.

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946-இல் தோன்றியபோது அதன் முதல் தலைவராக வந்த ஜான் திவி லண்டனில் சட்டம் படித்தவர். அவருக்குப் பின் அப்பதவியை வகித்தவர்களில் கே.எல். தேவாசரும் வழக்கறிஞரே. சமுதாயத்திற்காகப் பேசுவதற்குச் சட்டம் தெரிந்தவர் தேவைப்பட்டார் என்பதற்கு இதுவே சான்று.

ஈப்போவில் இந்தத் தலைமுறையின் அடையாளம் சீனிவாசகம் சகோதரர்கள். இலங்கைத் தமிழ் வம்சாவளியில் வந்த எஸ்.பி. சீனிவாசகமும் டி.ஆர். சீனிவாசகமும் ஈப்போவில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட, அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமானது. விசாரணையின்றித் தடுப்புக் காவல், ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்றிருந்த காலம் அது. அத்தகைய காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்காக வாதாட முன்வருவதற்கே துணிவு வேண்டும். அந்தத் துணிவுதான் சகோதரர்களின் பெயரைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தது.

அவர்கள் தொடங்கிய கட்சியே பின்னாளில் மக்கள் முற்போக்குக் கட்சி என்று பெயர் பெற்றது. டி.ஆர். சீனிவாசகம் 1957 இடைத்தேர்தலில் வென்று கூட்டரசுச் சட்டமன்றம் போனார். 1964-இல் அன்றைய கல்வி அமைச்சர் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு சுமத்தினார். வெளியில் வந்து சொல்ல முடியுமா என்று சவால் விடப்பட்டது. வெளியிலும் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1965-இல் வழக்கு அமைச்சருக்கு எதிராக முடிந்தது, அவர் பதவி விலகினார். சட்டம் தெரிந்த ஒருவர் எதைச் சொல்லலாம், அதை எப்படி நிரூபிக்கலாம் என்பதற்கு இந்த வழக்கு இன்றும் பாடம். டி.ஆர். 1969-இல் காலமானார். ஈப்போவில் ஒரு பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தோட்டப் பள்ளிக்கும் சட்டத்திற்கும் இடையே

அதே காலத்தில் தோட்டத்தில் என்ன நிலை? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. கங்காணியும் கிராணியும் ஆசிரியர் வேலை பார்த்த பள்ளிகளும் அவற்றில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதே நிர்வாகத்தின் எண்ணம். பள்ளி முடிந்த பிள்ளை மறுநாள் தாய் தந்தையுடன் பால் வாளி தூக்கியது.

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் இந்த நிலையை மாற்ற முயன்றார். அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் பல. அதற்கு விடையாக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாட்டாளிகள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள்.

துண்டாடல் இன்னொன்றையும் காட்டியது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்து வீட்டின் மீது பாட்டாளிக்கு உரிமை எதுவும் இல்லை. வேலை போனால் வீடும் போகும். நிலப் பட்டா, ஒப்பந்தம், குடியுரிமைப் பத்திரம் ஆகிய மூன்று காகிதங்களும் என்ன சொல்கின்றன என்று படித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இல்லை. சட்டக் கல்வியின் தேவையைத் தோட்டத்து மக்கள் உணர்ந்தது இங்கேதான்.

மூன்று மொழித் தடைகள்

உள்நாட்டில் சட்டக் கல்வி 1957-இல் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை 1972-இல் பிறந்தது. அஹ்மட் இப்ராஹிம் அதன் முதல் தலைவர். கப்பல் கட்டணம் இல்லாமல் வழக்கறிஞராகும் வழி அன்று திறந்தது. 1980-களில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் சட்டம் கற்பிக்கத் தொடங்கின.

ஆனால் தோட்டத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேர மூன்று மொழிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி. பிறகு ரிமூவ் கிளாஸ் எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு. அடுத்து மலாய் மொழியில் இடைநிலைக் கல்வி. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. கடைசியில் சட்டத்தின் முன் தீர்ப்புகளும் பாடநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலம். பட்டணத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பல இடங்களில் ஜெனரேட்டர் நிற்கும் நேரம்தான் படிப்பு முடியும் நேரம். ஆறாம் படிவம் இருந்த பள்ளியோ பட்டணத்தில். காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய பாடமே போச்சு.

இந்தத் தடைகளைச் சுற்றிச் சென்றவர்களும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே வெளிமாணவர்களுக்குத் தேர்வு நடத்தி வருகிறது. பகலில் ஆசிரியராகவோ எழுத்தராகவோ வேலை, இரவில் சட்டநூல் என்று ஊரிலிருந்தபடியே அதன் சட்டப் பட்டத்தைப் பெற்றவர்கள் இந்த நாட்டு வழக்கறிஞர் தொழிலில் கணிசமாக இருக்கிறார்கள். விடுதிச் செலவு இல்லை, வேலையை விட வேண்டியதில்லை என்பதால் ஏழைக் குடும்பத்துக்கு அது ஏற்ற வழியாக இருந்தது.

வாசலில் தேர்வா, வழி முடிவில் தேர்வா?

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தியாவில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு 2008 முதல் கிளாட் எனும் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்கள் 2004 முதல் எல்நாட் தேர்வு கேட்கின்றன. இரண்டுமே மாணவர் சட்டம் மனப்பாடம் செய்தாரா என்று பார்ப்பதில்லை. ஒரு பத்தியைப் படித்து அதில் எது வாதம், எது ஆதாரம், எது வெறும் ஊகம் என்று பிரித்தறியத் தெரிகிறதா என்று பார்க்கின்றன. தேறாதவர் வாசலிலேயே நின்று வேறு படிப்பைத் தேடிக்கொள்ளலாம். வருத்தம் இருக்கும், கடன் இருக்காது.

மலேசியாவில் அப்படியொரு பொது நுழைவுத் தேர்வு கிடையாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் தேர்ச்சியே வாசல். அதோடு 1999-இல் அறிமுகமான மூயெட் எனும் ஆங்கிலத் தேர்விலும் சட்டத்துறைக்கு உயர்ந்த நிலை வேண்டும். சில இடங்களில் நேர்காணலும் உண்டு. 2002-இல் இட ஒதுக்கீட்டு முறைக்குப் பதிலாகத் தகுதி அடிப்படை என்ற கொள்கை வந்தது. 2003 முதல் மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பத்து விழுக்காட்டு இடம் பூமிபுத்ரா அல்லாதாருக்குத் திறந்தது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஓராண்டுப் படிப்பான மெட்ரிகுலேஷனையும் அதைவிட நீண்ட எஸ்.டி.பி.எம். படிப்பையும் ஒரே தராசில் நிறுப்பது சரியா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை.

வெளிநாட்டுப் பட்டம் பெறுவோருக்கு நிலைமை வேறு. அவர்களுக்குச் சல்லடை வழியின் முடிவில் காத்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டத்தின் கீழ் அமைந்த தகுதி வாரியம் 1984 முதல் நடத்தும் சி.எல்.பி. தேர்வுதான் அது. பொதுத் தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை என ஐந்து தாள்கள். ஒரு தாளில் மட்டும் தவறியவர் அதை மட்டும் மறுபடி எழுத வாய்ப்புண்டு. அதற்கு மேல் தவறினால் ஐந்தையும் எழுத வேண்டும். முயற்சிகளுக்கும் வரம்பு உண்டு.

இது ஏன் கடினம்? லண்டன் பட்டத்திற்கு ஆங்கிலேயச் சட்டம் படிக்கிறார்கள். இங்கே தேர்வில் கேட்பது மலேசிய நடைமுறை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் லண்டன் பாடத்தில் இல்லை. 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமோ இந்தியாவின் 1872 சட்டத்தை அடியொற்றியது. இந்தியாவே 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டது. இங்கே அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆக, மூன்றாண்டுப் படிப்பு முடிந்ததும் மாணவர் கிட்டத்தட்ட புதிய பாடத்தையே ஒரே மூச்சில் படித்தாக வேண்டும்.

2001-இல் சி.எல்.பி. வினாத்தாள் கசிந்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. தவறேதும் செய்யாத மாணவர்களும் மறுபடி தேர்வு எழுத நேர்ந்தது. எல்லாருக்கும் பொதுவான ஒரே தேர்வு வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. ஏனெனில் மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு சி.எல்.பி. தேவையில்லை.

இந்த ஏற்பாட்டின் பாரம் யார் மீது விழுகிறது? எஸ்.டி.பி.எம். தேர்ச்சி சற்றுக் குறைந்ததால் அரசாங்கப் பல்கலைக்கழக இடத்தைத் தவறவிட்ட பிள்ளை தனியார் கல்லூரிக்குப் போகிறது. தந்தை ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கிறார், தாயின் நகை அடகுக்குப் போகிறது, போதாததற்குக் கல்விக் கடன். பட்டமும் கிடைக்கிறது. ஊரே வாழ்த்துகிறது. ஆனால் சி.எல்.பி. தேறும் வரை அந்தப் பிள்ளை வழக்கறிஞர் அல்ல. வசதியான வீட்டுப் பிள்ளை இரண்டு மூன்று முறை எழுதிப் பார்க்கலாம். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு முதல் முயற்சியிலேயே கடன் தவணை கதவைத் தட்டிவிடும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஆகவே பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. முதலாவது, இந்தப் பட்டமும் இந்தப் பல்கலைக்கழகமும் தகுதி வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா? கல்லூரி விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வாரியத்திடமே கேட்க வேண்டும். இரண்டாவது, பிள்ளையின் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்ச்சி வாரியத்தின் நிபந்தனைக்குப் பொருந்துகிறதா? பட்டம் முடித்த பிறகு, பள்ளிச் சான்றிதழில் குறை என்று தெரிய வருவதைப் போன்ற வேதனை வேறில்லை. மூன்றாவது, பட்டத்திற்குப் பின் சி.எல்.பி. ஆண்டுக்கும், அதன் பின் ஒன்பது மாதப் பயிற்சிக் காலத்திற்கும் வீட்டில் பணம் இருக்குமா?

தயாரிப்பும் ஆறாம் படிவத்தில் தொடங்கக் கூடாது, மூன்றாம் படிவத்திலேயே தொடங்க வேண்டும். நாளுக்கு ஒரு ஆங்கிலத் தலையங்கம் படித்து, அதன் வாதத்தை ஐந்து வரியில் எழுதிப் பழகினால் போதும். மூயெட் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் பின்னாளில் நீதிமன்றத்துக்கும் உதவுவது இந்த ஒரு பழக்கமே. அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. எஸ்.டி.பி.எம். பாடங்களில் தமிழும் ஒன்று. சாட்சிக் கூண்டில் நிற்கும் பாட்டி தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொன்னால், எழுந்து திருத்த வேண்டியவர் அந்த வழக்கறிஞர்தான்.

இன்று பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினரான வழக்கறிஞர் மு. குலசேகரன், 2023 டிசம்பரில் சட்டத் துறைக்கான துணை அமைச்சராக நியமிக்கப்படும் அளவுக்குக் காலமும் மாறியிருக்கிறது. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையும் இன்னும் மறையவில்லை. அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்து, இதற்கு இத்தனை நாளுக்குள் பதில் எழுத வேண்டும் என்று சொல்லும் பிள்ளை ஒவ்வொரு தாமானிலும் ஒருவராவது இருந்தால், நீதிமன்றப் படியேறும் குடும்பம் தனியாக ஏற வேண்டியிருக்காது.